திருப்பிக் கொடுத்த நகராட்சி

ஆவரங்காட்டுப்புதூர் எப்படி நகராட்சியானது என்று யாராவது கேட்டால் அனுசுயாவுக்குக் கொட்டாவி வந்துவிடும். அத்தனை தடவை சொல்லி அலுத்திருந்தாள். பல்லடம் ரோட்டில் அது ஒரு சாதாரண ஊராட்சி. அவள்தான் தலைவர். சுற்றிலும் பனியன் கம்பெனிகள் முளைத்து, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தேனிப் பக்கமிருந்தும் சனம் வந்து ஒற்றையறை லைன் வீடுகளில் நிறைந்ததும் தலைக்கணக்கில் ஊர் பெருத்துவிட்டது. உடனே பனியன் கம்பெனி முதலாளி குமாரசாமிக்கு ஓர் ஆசை பிறந்தது. வெளிநாட்டுக்குப் போகிற பெட்டிகளின்மேல் கிராமம் என்றும், இன்ன ஊர் வழி என்றும் அச்சடிப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது. ஊர் நகராட்சியாக வேண்டும் என்று கிளம்பினார். சென்னைக்கும் திருப்பூருக்குமாகக் கார் தேய அலைந்தார்.

கிராம சபையில் அனுசுயா ஒருத்திதான் வேண்டாமென்றாள்.

"நகராட்சின்னா வரி ஏறுமுங்க. நூறு நாள் வேலை நின்னு போகுமுங்க. நல்லா ரோசனை பண்ணிச் சொல்லுங்க" என்று மன்றாடினாள்.

"அம்மிணிக்குப் பிரசிடெண்டு பதவி போயிருமேன்னு வெசனம்" என்றார் குமாரசாமி. கூட்டம் சிரித்தது. தீர்மானம் நிறைவேறியது.

பக்கத்து ஊராட்சிகளையும் சேர்த்துக்கொண்டு நகராட்சி வந்தது. பிள்ளையார் கோயில் முன்னால் சரவெடி வெடித்தார்கள். தேர்தலில் அனுசுயா தன் வார்டில் நின்று ஜெயித்தாள். தலைவர் நாற்காலிக்கு அடித்துக்கொண்ட இரண்டு கோஷ்டிக்கும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்க மனசில்லை. கடைசியில் இருவருக்கும் பொதுவாக அவளைத் தூக்கி அதில் உட்கார வைத்தார்கள். இப்படித்தான் நகராட்சி வேண்டாமென்றவளே நகராட்சிக்கு முதல் தலைவரானாள். ஊர்க்காரர்கள் மட்டும் பழக்கத்தை விடாமல் 'பிரசிடெண்டம்மா' என்றே கூப்பிட்டார்கள்.

வந்தது வந்துவிட்டது, இனி இதை வைத்து என்ன நல்லது செய்யலாம் என்று பார்த்தாள். அவளுக்கு ஒரே ஒரு காரியம்தான் கண்ணில் நின்றது. கிழக்கு வீதிகள்.

கிழக்கு வீதிகளில்தான் நெசவாளர் காலனியும் லைன் வீடுகளும் இருந்தன. ஒரே சாக்கடை, அதுவும் திறந்த சாக்கடை. மழை பெய்தால் வாசலுக்குள் ஏறிவிடும். அதன் அடியில்தான் குடிதண்ணீர்க் குழாயும் ஓடியது. அனுசுயா தன் வீட்டுக்குப் பின்னால் ஒரு செக்கிங் யூனிட் வைத்திருந்தாள். கம்பெனிகள் தைத்து அனுப்புகிற பனியனை வாங்கி, பிசிறு வெட்டி, ஓட்டை பார்த்து, மடித்துத் திருப்பி அனுப்புகிற வேலை. லைன் வீட்டிலிருந்து மினதி என்றொரு ஒடியாக்காரப் பெண் அங்கே வேலைக்கு வந்தாள். ஒரு மழைக்காலத்தில் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. வயிற்றில் ஆறு மாதம். கண்ணெல்லாம் மஞ்சளாகி, ஒரு வாரத்தில் தாயும் போய்ப் பிள்ளையும் போனது. தண்ணீரில் சாக்கடை கலந்ததுதான் காரணம் என்று டாக்டர் சொன்னார். கோவை ஆஸ்பத்திரி வாசலில் அவள் புருஷன் அழக்கூடத் தெரியாமல், "அப்ப லீவ் எத்தனை நாளுங்க?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டுக்கொண்டிருந்தான். அதை அனுசுயாவால் மறக்க முடியவில்லை.

ஊராட்சிக்குப் பாதாளச் சாக்கடை கிடைக்காது. நகராட்சிக்குத்தான் கிடைக்கும். போராடி வாங்கினாள். கிழக்கு வீதிகளைத் தோண்டிக் குழாய் பதித்தார்கள். ஊர்க்கோடியில் சாக்கடைத் தண்ணீரை இறைத்து அனுப்ப ஒரு பம்ப் ஹவுஸ் எழும்பியது. அது முடிந்து மோட்டார் ஓடினால் போதும்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஊருக்குப் புத்தி மாறியது.

சொத்து வரி ஏறியிருந்தது. தண்ணீர் வரி, குப்பை வரி, தொழில் உரிமம் என்று வரிசை கட்டி வந்தன. குமாரசாமியின் கம்பெனி கொட்டகையை அளந்து போட்ட வரியைப் பார்த்து அவருக்கு ரத்தக் கொதிப்பே ஏறிவிட்டது. ஊரைச் சுற்றிக் கூலிக்காரச் சனம் குடியிருந்த வளவுகளில் நூறு நாள் வேலை நின்றுபோய், காட்டு வேலையும் இல்லாத பெண்கள் நகராட்சி வாசலில் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். எங்கே பார்த்தாலும் ஒரே பேச்சு. நகராட்சி வேண்டாம், ஊராட்சியாகவே போய்விடலாம்.

ஒருநாள் காலையில் குமாரசாமி ஐந்தாறு பேரோடு வீட்டுக்கு வந்தார். ஊராட்சி மீட்புக் குழு என்று ஒன்று ஆரம்பித்திருந்தார்கள். அவர்தான் தலைவர். அனுசுயா காபி கொடுத்தாள்.

"நகர்மன்றத்தக் கூட்டி, நகராட்சி வேண்டாம்னு ஒரு தீர்மானம் போட்டு அனுப்பீரு அம்மிணி. மேல பேசிட்டோம். ஊரே ஒத்துமையா கேட்டா குடுத்தர்றேன்னுட்டாங்க" என்றார்.

"ஏனுங்கண்ணா, இதை வாங்கறதுக்கு அலைஞ்சது நீங்கதானுங்களே?"

"அது அப்ப."

"அப்பவே நான் சொன்னனுங்களே, வரி ஏறும்னு."

"சொன்னே. இன்னும் நல்லா அழுத்திச் சொல்லியிருக்கோணும்" என்றார் குமாரசாமி, தவறு அவளுடையதுதான் என்பதைப்போல.

அனுசுயா காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கே நின்று பத்து எண்ணினாள். அவள் புருஷன் கிட்டுசாமி தோட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "உன்னைத்தான் அன்னிக்கே எலக்சன்ல நிக்காதேன்னேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். அவர் எந்தப் பிரச்சினைக்கும் இந்த ஒரு வாக்கியத்தைத்தான் மருந்தாக வைத்திருந்தார்.

கவுன்சிலர்களிடம் பேசிப் பார்த்தாள். வெளியே மைக்கில் ஊராட்சிதான் உயிர்மூச்சு என்று முழங்கியவர்கள், தனியாக வந்து, "எப்படியாச்சும் இழுத்தடிங்க பிரசிடெண்டம்மா, ஊராட்சி ஆச்சுன்னா நம்ம பதவியெல்லாம் போயிருமுங்க" என்றார்கள். "அதைக் கூட்டத்துல எந்திரிச்சுச் சொல்லுங்களேன்" என்றால், ஐயையோ என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஓடினார்கள்.

ஆணையாளர் சரவணக்குமார் தென்காசிக்காரர், சின்ன வயசு. எதையும் கொஞ்சம் பயந்தே சொல்வார். பம்ப் ஹவுஸைப் பார்க்கப் போனபோது அனுசுயா அவரிடம் கேட்டாள்.

"தீர்மானம் போட்டா இந்த வேலை என்னாகுமுங்க?"

"நகராட்சியே இல்லைன்னு ஆகப்போற இடத்துல எந்தக் காண்ட்ராக்டர் மேடம் வேலை செய்வான்? மறுநாளே ஆளை எடுத்துட்டுப் போயிருவான். பில் வருமா வராதான்னு பயம் இருக்கும்லா?"

"முடிய எவ்வளவு நாளாகும்?"

"மோட்டாரு வரணும், கரண்ட் கனெக்‌ஷன் வாங்கணும். ரெண்டு மாசம் விட்டாப் போதும் மேடம்."

இரண்டு மாதம். ஊரோ அடுத்த வாரமே கூட்டத்தைக் கூட்டு என்று கழுத்தைப் பிடிக்கிறது. குமாரசாமியிடம் போய் இரண்டு மாதம் பொறுங்கள் என்று கேட்டாள். "சாக்கடைக்காகவா நாங்க வரி கட்டிட்டு உக்காந்திருப்போம்?" என்றார். அவர் வீடு மேற்கு வீதியில், மேட்டில் இருந்தது.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் அனுசுயா தன் வீட்டு மாடிப்படியில் வழுக்கி விழுந்தாள். அதாவது, விழுந்ததாகச் சொன்னாள். சிந்தித்துச் செய்த காரியம் என்று சொல்ல முடியாது. காலையில் போன் மேல் போன். எல்லாம் கூட்டத்தைப் பற்றித்தான். ஒருத்தர் மதியச் சாப்பாட்டுக்குப் பிரியாணியா தக்காளிச் சாதமா என்று கேட்டார். அவளுக்குத் தலை சுற்றியது. படியில் உட்கார்ந்தாள். வேலைக்காரப் பெண், "விழுந்துட்டீங்களாம்மா?" என்று பதறினாள். அனுசுயா ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு, "ஆமாண்டா கண்ணு, காலு பிசகிருச்சு" என்றாள்.

அவ்வளவுதான். தெரிந்த டாக்டர் ஒருவர் எதுவும் கேட்காமல் கட்டுப் போட்டுவிட்டார். தலைவர் படுக்கையில் என்றதும் துணைத் தலைவர்தான் கூட்டம் நடத்தவேண்டும். அவருக்கும் பதவியின்மேல் கொள்ளை ஆசை. செய்தி கேட்ட அன்றே ஓசூரில் மகள் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார்.

பொய்க் காலை வைத்துக்கொண்டு படுத்திருப்பது இவ்வளவு பெரிய வேலை என்று அனுசுயாவுக்குத் தெரிந்திருக்கவில்லை. பார்க்க வருகிறவர்கள் ஓய்வதில்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியும் கட்டிலடியில் குவிந்தன. காங்கேயத்திலிருந்து ஒருவர் நாட்டு வைத்தியத் தைலம் கொண்டுவந்து, தானே தேய்த்துவிடுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஒரு கவுன்சிலர் தன் முழங்கால் ஆபரேஷன் கதையை முழுதாகச் சொன்னார். வந்தவர்கள் அத்தனை பேரும், "எப்பங்க எந்திரிப்பீங்க, கூட்டம் நிக்குதே" என்று கேட்காமல் போகவில்லை. கிட்டுசாமிக்கு முதல் நாளே விஷயம் தெரிந்துவிட்டது. அவர் சாத்துக்குடியை உரித்துத் தின்ன ஆரம்பித்தார். வேலைக்காரப் பெண் எதிரில் இருக்கும்போதெல்லாம் நொண்டவேண்டும் என்பதால், தன் வீட்டுக்குள்ளேயே நிம்மதியாக நடக்க முடியவில்லை. அதுதான் அனுசுயாவுக்குப் பெரிய எரிச்சல்.

இரண்டாம் வாரம் மயிலாள் வந்தாள்.

மயிலாள் கீழ்வளவைச் சேர்ந்தவள். நூறு நாள் வேலை இருந்த காலத்தில் அங்கிருந்து பெண்களைத் திரட்டிக் கூட்டிவருபவள் அவள்தான். ஐம்பதைத் தாண்டியவள். உள்ளே வந்தவள் கட்டிலருகே போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். காலைப் பார்த்தாள். அனுசுயாவின் முகத்தைப் பார்த்தாள்.

"எந்தக் காலுங்க?"

"வலது."

"கட்டு இடது கால்ல இருக்குதுங்களே."

அனுசுயா குனிந்து பார்த்தாள். காலையில் குளித்துவிட்டுக் கட்டைத் திருப்பிச் சுற்றும்போது மாற்றிச் சுற்றியிருந்தாள். வெளியே தண்ணீர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"கதவைச் சாத்துங்க மயிலாக்கா" என்றாள் அனுசுயா.

எல்லாவற்றையும் சொன்னாள். பம்ப் ஹவுஸ், மோட்டார், காண்ட்ராக்டர், மினதி. மயிலாள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அந்தக் குழாய் எங்க வளவுக்கு வருதுங்களா?"

"இல்ல. கிழக்கு வீதிக்கு மட்டுந்தான்."

"தெரியுமுங்க. சும்மா கேட்டேன்." மயிலாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க நல்லதுக்குத்தான் பண்றீங்க. இல்லீன்னு சொல்லல. ஆனா அந்த நல்லதுக்கு எங்க வயித்தை எங்களைக் கேக்காம எடுத்துக்கிட்டீங்களே. ஊராட்சி வர்றது தள்ளிப் போற ஒவ்வொரு நாளும் எங்களுக்கு ஒரு நாள் கூலி போச்சுங்க. கிழக்கு வீதிச் சனமும் பாவந்தான். நாங்க மட்டும் என்னங்க?"

அனுசுயா கட்டை அவிழ்த்து வலது காலில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"வெளிய சொல்லிருவீங்களா?"

"சொன்னா எனக்கு என்ன கெடைக்குமுங்க? குமாரசாமி ஐயா ஒரு மாலை போடுவாரு." மயிலாள் எழுந்தாள். "உங்க யூனிட்ல பிசிறு வெட்ட ஆளெடுப்பீங்கல்ல? எங்க வளவுப் பொம்பளைகளை எடுத்துக்கோங்க. ஊராட்சி வர்ற வரைக்கும். நாளைக்கே வந்தர்றோமுங்க."

அனுசுயா ஒத்துக்கொண்டாள். வேறு வழியும் இல்லை, மறுக்க முகமும் இல்லை.

மறுநாள் ஒரு வேன் நிறையப் பெண்கள் வந்து இறங்கினார்கள். களைக்கொத்தும் மண்வெட்டியும் பிடித்த கைகளில் சின்னக் கத்தரி நிற்கவில்லை. பிசிறோடு சேர்த்துப் பனியனையும் வெட்டினார்கள். முதல் வாரத்தில் ஓட்டை விழுந்த பீஸ்கள் ஒரு மூட்டை சேர்ந்தது. கம்பெனி மேனேஜர் போனில் கத்தினான். வேலை செய்யாமல் பேசுகிறார்கள் என்று சொல்லவும் முடியாது. அவர்கள் பேசிக்கொண்டேதான் வேலை செய்தார்கள், அதுவும் தோட்டத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குக் கேட்கிறமாதிரி. ஜன்னல் வழியே எல்லாம் அனுசுயாவின் படுக்கைக்கு வந்தது. யார் வீட்டு ஆடு யார் சோளத்தை மேய்ந்தது என்பது முதல் கவுன்சிலரின் கள்ளத்தொடர்பு வரை. எழுந்து போய் இப்படிப் பிடி, இப்படி வெட்டு என்று காட்டலாம் என்றால் கால் இல்லை. ஜன்னலருகே கட்டிலை இழுத்துப் போட்டுக்கொண்டு, "கத்தரியைப் படுக்கப் போட்டு வெட்டுங்க" என்று தொண்டை வறளக் கத்தினாள். ஆனால் மூன்றாம் வாரம் அவர்கள் கை பழகிவிட்டது. மயிலாளின் கை எல்லோருக்கும் முந்தியது. அதையும் அனுசுயா ஜன்னல் வழியேதான் பார்த்தாள்.

மோட்டார் வந்துவிட்டது. மின் இணைப்பு இன்று வரும் நாளை வரும் என்றார்கள். இன்னும் கொஞ்ச நாள்தான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில் சரவணக்குமாரின் போன் வந்தது.

"மேடம், கிழக்கு வீதியில கடைசி இணைப்புக்குத் தோண்டின பொக்லைன்காரன் மெயின் தண்ணிக் குழாயை உடைச்சிட்டான். வால்வை எங்க மூடணும்னு யாருக்கும் தெரியலை. குழியில ரெண்டு பேரு மேல ஏற முடியாம மாட்டிக்கிட்டாங்க, தண்ணி ஏறுது மேடம்."

அந்த வால்வு எங்கே இருக்கிறதென்று அனுசுயாவுக்குத் தெரியும். ஊராட்சித் தலைவராக இருந்தபோது அவள் முன்னால் நின்று வைத்தது. ரேஷன் கடைக்குப் பின்னால், இப்போது யாரோ செங்கல் அடுக்கிவைத்திருக்கிற இடத்தில். போனில் சொன்னால் புரியாது. அவள் எழுந்து ஓடினாள். செருப்புக்கூடப் போடவில்லை. யூனிட்டிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். மயிலாள் கத்தரியைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடிவந்தாள். கடைவீதி முழுக்க, டீக்கடை, பேக்கரி, பஸ் ஸ்டாப் என்று ஒருவர் மிச்சமில்லாமல் பார்க்க, நகர்மன்றத் தலைவி காலில் வெள்ளைக்கட்டு அவிழ்ந்து பின்னால் இழுபட, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். செங்கல்லை வாரி எறிந்து, மயிலாளும் அவளுமாகத் திருகி, வால்வை மூடினார்கள். குழியிலிருந்த இரண்டு பேரையும் கயிறு போட்டுத் தூக்கிவிட்டார்கள். ஒரு பயலுக்கு முட்டியில் சிராய்ப்பு. வேறொன்றும் இல்லை.

மூச்சு வாங்க நிமிர்ந்தபோது எதிரில் குமாரசாமி நின்றிருந்தார். அவர் பார்வை அவள் முகத்தில் இல்லை.

"காலு தேவலையாட்டம் இருக்குது அம்மிணி" என்றார்.

மதியத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. மாலைக்குள் பேனர் கட்டினார்கள். நாற்காலி ஆசை, நாடகம், நயவஞ்சகம் என்று அதில் இருந்தது. 'நயவஞ்சகம்' தப்பும் தவறுமாக இருந்தது. சாத்துக்குடி வாங்கிக்கொடுத்தவர்கள் அதைத் திருப்பிக் கேட்காத குறை. தைலம் கொண்டுவந்த காங்கேயத்துக்காரர் நிஜமாகவே மனசு நொந்து போய்விட்டார். அவருக்கு மட்டும் அனுசுயா போன் போட்டு மன்னிப்புக் கேட்டாள்.

"பதவி போகுதுன்னு பொய் சொன்னீங்களா?" என்று எல்லோரும் கேட்டார்கள். சாக்கடைக்காக என்று சொன்னால் ஒருவரும் நம்பவில்லை. சாக்கடைக்காக யாராவது பொய் சொல்வார்களா? நாற்காலிக்கு என்றால் புரிகிறது. கடைசியில் அவள் விளக்கம் சொல்வதையே விட்டுவிட்டாள். கூட்டத்தைக் கூட்டினாள். ஒருவர் பாக்கியில்லாமல் கவுன்சிலர்கள் கை தூக்கினார்கள், ஓசூரிலிருந்து திரும்பிய துணைத் தலைவர் உட்பட. நகராட்சி அந்தஸ்தை அரசு திரும்பப் பெற்றுக்கொண்டு மறுபடி ஊராட்சியாக்க வேண்டும் என்ற தீர்மானத்தை அவளே வாசித்தாள். வாசிக்கும்போது குரல் உடையவில்லை. தலைதான் வலித்தது. வெளியே சரவெடி வெடித்தார்கள். நகராட்சி வந்தபோது வெடித்த அதே பிள்ளையார் கோயில் முன்னால்தான்.

மறுநாள் விடிந்ததும் பம்ப் ஹவுஸுக்குப் போனாள். ஆட்களெல்லாம் சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார்கள், கெஞ்சியாவது நிறுத்தவேண்டும் என்று. அங்கே காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் முருகவேல் டீ குடித்துக்கொண்டிருந்தான். ஆட்கள் எப்போதும்போல வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க போகலீங்களா?"

"எங்கீங்க?"

"நேத்துத் தீர்மானம் போட்டுட்டமே. நகராட்சி வேண்டாம்னு."

"ஆமாங்க, வெடிச் சத்தம் கேட்டுதுங்க." முருகவேல் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். "தீர்மானத்தையெல்லாம் நாங்க கணக்குல எடுத்துக்கறதில்லீங்க மேடம். கவர்மெண்டு ஆர்டர் வரோணும். அது சென்னைக்குப் போயி, மேசை மேசையா உக்காந்து எந்திரிச்சு வர்றதுக்கு ஒரு வருசம் ஆகுமுங்க. அதுக்குள்ள முடிச்சு பில்லை வாங்கிட்டுப் போயிருவோம். எல்லா ஊர்லயும் இப்படித்தானுங்களே?"

அனுசுயா அங்கிருந்த சிமெண்டு மூட்டையின்மேல் உட்கார்ந்தாள். இதை முன்பே இவனிடம் கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை. ஆணையாளரிடம் கேட்டவள், வேலை செய்கிறவனிடம் கேட்கவில்லை. இதற்காகவா படுத்துக் கிடந்தாள். இதற்காகவா மயிலாளின் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டாள். அவள் இழுத்தடித்த நாளத்தனையும் வளவுப் பெண்களுக்கு நூறு நாள் வேலை தள்ளிப் போனது மட்டும்தான் மிச்சம். யாரைத் திட்டுவது என்று யோசித்தாள். வரிசையில் எல்லோரையும் வைத்துப் பார்த்தாலும் முதலில் தானே நின்றாள்.

நேராகக் கீழ்வளவுக்குப் போய் மயிலாளிடம் சொன்னாள். சொல்லாமலும் இருந்திருக்கலாம்தான்.

மயிலாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவில்லை. "அப்ப படுத்திருக்காமயே இருந்திருக்கலாமுங்களா?"

"இருந்திருக்கலாம்."

"அட போங்க பிரசிடெண்டம்மா" என்றாள் மயிலாள். அவ்வளவு அலுப்பை ஒரே வாக்கியத்தில் அனுசுயா அதுவரை கேட்டதில்லை. பிறகு, "நாளைக்கு யூனிட்டுக்கு வரோணுமல்லங்க? இல்ல அதுவும் நாடகந்தானுங்களா?" என்று கேட்டாள்.

"வாங்க" என்றாள் அனுசுயா.

அரசு ஆணை வருவதற்குள் பம்ப் ஹவுஸில் மோட்டார் ஓட ஆரம்பித்துவிட்டது. கிழக்கு வீதித் திறந்த சாக்கடையை மூடி மேலே கல் பாவினார்கள். திறப்பு விழா என்று ஒன்று வைக்கவில்லை. யார் பெயரில் வைப்பது என்ற சண்டையில் அது நடக்கவே இல்லை. அடுத்த மழைக்கு லைன் வீடுகளின் வாசலில் தண்ணீர் ஏறவில்லை. அங்கிருந்தவர்கள் அதைப் பெரிதாகப் பேசவும் இல்லை. பாதிப்பேர் புதிதாக வந்தவர்கள். முன்னால் எப்படி இருந்ததென்று அவர்களுக்குத் தெரியாது.

ஆணையும் ஒருநாள் வந்தது. நகராட்சிப் பலகையைக் கழற்றினார்கள். சரவணக்குமாருக்கு வேறு ஊர் போட்டார்கள். போகும்போது அவர், "நான் உங்களுக்குத் தப்பாச் சொல்லிட்டேன் மேடம்" என்றார். "பரவால்லீங்க, நானும் ஊருக்குத் தப்பாத்தான் சொன்னேன்" என்றாள் அனுசுயா. கவுன்சிலர்கள் பழைய கவுன்சிலர்கள் ஆனார்கள். நூறு நாள் வேலை திரும்பி வர மேலும் இரண்டு மாதம் ஆனது. வரி குறைந்ததா என்றால், குறைந்தது, ஆனால் குமாரசாமி எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. அதற்கும் அவர் அனுசுயாவைத்தான் குறை சொன்னார்.

ஊராட்சித் தேர்தலில் தலைவர் பதவியைப் பட்டியலினப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். மயிலாள் நின்றாள். குமாரசாமி தன் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு பெண்ணை நிறுத்தினார். வளவும் கிழக்கு வீதி நெசவாளர்களும் சேர்ந்து மயிலாளை ஜெயிக்க வைத்தார்கள். பிசிறு வெட்டிய பெண்கள் அனுசுயாவின் யூனிட்டுக்கு லீவு போட்டுவிட்டுப் பிரசாரத்துக்குப் போனதில் ஒரு ஷிப்மெண்டு தவறியது.

முதல் கிராம சபைக்கு அனுசுயாவும் போனாள். வாயைத் திறக்க மாட்டேன் என்று கிட்டுசாமியிடம் சத்தியம் செய்துவிட்டுத்தான் போனாள். பள்ளிக்கூட மைதானத்தில் கடைசி வரிசையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முன்னால் மயிலாள் புதுச்சேலையில், மைக்கைச் சற்றுத் தள்ளியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

முதலில் எழுந்தவர் குமாரசாமி.

"குப்பை வண்டி தினமும் வர்றதில்லை. நகராட்சியா இருந்தப்பத் தினமும் வந்துது."

கூட்டத்தில் ஆமாம் ஆமாம் என்று குரல்கள். தெருவிளக்கு எரியவில்லை என்றார் ஒருவர். கொசு மருந்து அடிக்க ஆளில்லை என்றார் இன்னொருவர். அனுசுயாவுக்குப் பழகிப்போன அந்தத் தலைவலி கிளம்பியது. பிறகுதான் நினைவு வந்தது, இது தன்னுடைய தலைவலி இல்லை. கேள்விகள் வேறு யாரிடமோ போகின்றன. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு முதுகு நோகாமல் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"நகராட்சியைத் திருப்பிக் குடுத்தது யாருங்க?" என்று மயிலாள் பொறுமையாகக் கேட்டாள். "வண்டி நகராட்சி வண்டி. அவிய எடுத்துட்டுப் போயிட்டாங்க. நம்மகிட்ட இருக்கறது ஒரே ஒரு பேட்டரி வண்டி. அது வாரத்துக்கு ரெண்டு நாளைக்கு உங்க வீதிக்கு வருமுங்க. வேணுமுன்னா வரியை ஏத்திக்கலாம். ஏத்தலாமுங்களா?"

குமாரசாமி உட்கார்ந்தார்.

அனுசுயாவுக்கு உள்ளே ஒன்று அரித்தது. பம்ப் ஹவுஸ் ஆபரேட்டர் நகராட்சி ஊழியர். அவரையும் மாற்றிவிட்டார்கள். இப்போது தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டரே போய் சுவிட்சைப் போடுகிறார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு லீவு. அன்றைக்குத்தான் லைன் வீட்டுச் சனம் முழுக்க வீட்டில் இருந்து துவைத்துக் குளிக்கும். போன ஞாயிறு மேன்ஹோல் மூடிக்கடியில் தண்ணீர் நிரம்பி நின்றதை அவள் போய்ப் பார்த்திருந்தாள். கையைத் தொடையில் வைத்து அழுத்திக்கொண்டாள். கிட்டுசாமி அவளைத் திரும்பிப் பார்த்தார்.

கை தூக்கிவிட்டது.

"நீங்களுமா?" என்றாள் மயிலாள் மைக்கிலேயே. கூட்டம் சிரித்தது. "சரி, சொல்லுங்க."

அனுசுயா எழுந்து சொன்னாள். மயிலாள் கேட்டுக்கொண்டாள்.

"தெரியுமுங்க. போன வாரமே கேட்டேன். ஊராட்சிக்குப் பம்ப் ஆபரேட்டர்னு ஒரு வேலையே கெடையாதுன்னுட்டாங்க."

"கெடையாதுன்னு சொன்னா விட்டர்றதுங்களா? குழாய் இருக்குது, மோட்டாரு இருக்குது. போட ஆள் மட்டும் இல்லையா? போய் நின்னு வாங்கோணுமுங்க."

"அப்ப நாளைக்குக் கலெக்டர் ஆபீசுக்குப் போறேன். நீங்களும் வாங்க. இந்த நாயமெல்லாம் உங்களுக்குத்தான் நல்லா வரும்."

கிட்டுசாமி வானத்தைப் பார்த்தார். அனுசுயா நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். நாளைக்கு ஒரு லோடு பீஸ் போகவேண்டும், மேனேஜர் வருகிறான், வீட்டில் வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருக்கிறது.

"எத்தனை மணிக்குங்க தலைவரம்மா?" என்று கேட்டாள்.